ஃபால்ஸ் சீலிங் போட்டும் மாடி வீடு காலியா கெடக்கு, ஏன்?

கேள்வி: மேடம், பெங்களூரு அல்சூர்ல சொந்த வீடு. கீழ நானும் வீட்டுக்காரியும், மேல ரெண்டு பெட்ரூம் வீடு. அஞ்சு மாசமா காலி. 2 லட்சத்து 80 ஆயிரம் செலவு பண்ணி ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் எல்லாம் போட்டேன். வாடகை 28,000, அட்வான்ஸ் பத்து மாசம். வேலைக்குப் போற சின்னப் பசங்க, பொண்ணுங்க வந்து பாக்குறாங்க, "சூப்பரா இருக்கு அங்கிள்"ங்கிறாங்க, அப்புறம் போனே எடுக்கறதில்ல. அதே பசங்க பெல்லந்தூர் பக்கம் டேங்கர் தண்ணி வாங்குற பிஜி ஹாஸ்டல்ல மூணு பேரு ஒரே ரூம்ல படுத்துக் கெடக்குறாங்க. எங்க தெரு அமைதியான தெரு, ராத்திரி பத்து மணிக்கு கேட்டப் பூட்டிடுவோம், முக்குல நின்ன தள்ளுவண்டிக் கடையக் கூட அசோசியேஷன்ல எழுதிக் குடுத்து எடுக்க வச்சிட்டோம். இதுக்கு மேல இந்த வயசுக்காரங்களுக்கு என்னதான் வேணும்? மொட்டை மாடில சின்னதா ஜிம் போடட்டுமா? மும்பைல வேல பாக்குற என் பொண்ணுகிட்ட கேட்டா, "நானே உங்க வீட்டுக்கு வாடகைக்கு வரமாட்டேன்பா"ன்னு சிரிக்கிறா.
- அல்சூர் வாசகர், பணி ஓய்வு பெற்றவர்

பதில்:

சார், முதல்ல ஜிம்ம விட்டுடுங்க. ட்ரெட்மில் வாங்கி மாடில வச்சா மூணாவது மாசம் அதுல துணி காயும், அவ்வளவுதான்.

நான் டவுன் ப்ளானிங் ஆளு, இந்த ஊர்ல இருபது வருஷத்துக்கு மேல ரோடு, ஃபுட்பாத், பஸ் ஸ்டாப்புன்னு இதையே பாத்துட்டு இருக்கேன். வாடகை வீட்டு பஞ்சாயத்து நம்ம வேலை இல்லன்னு உங்க லெட்டர ஓரமா வச்சிருந்தேன், ஆனா அந்த தள்ளுவண்டியப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அது தூங்க விடல. போன சனிக்கிழமை எம்ஜி ரோடு பக்கம் ஒரு வேலை இருந்துச்சு, முடிச்சிட்டு அப்படியே மெட்ரோ ஏறி அல்சூர்ல இறங்கிட்டேன். உங்க அட்ரஸ் லெட்டர்லயே இருந்துச்சுல்ல. கோவிச்சுக்காதீங்க, பெல் எல்லாம் அடிக்கல.

எங்க தொழில்ல எனக்குன்னு ஒரு டெஸ்ட் வச்சிருக்கேன், பெரிய சயின்ஸ் ஒண்ணும் இல்ல, ராத்திரி ஒம்பதரைக்கு ஸ்டேஷன்ல இறங்கி தனியா அந்த வீட்டு வாசல் வரைக்கும் நடக்கணும், அவ்வளவுதான். பகல்ல எந்த ஏரியாவும் நல்லாதான் இருக்கும். உங்க வீடு பாக்க வர்றவங்க பகல்ல வந்து சீலிங் பாத்து சூப்பர்ங்கிறாங்க, அப்புறம் அன்னிக்கு ராத்திரியோ மறுநாளோ ஒரு தடவ ஆபீஸ் முடிஞ்சு அந்த வழியா வந்து பாக்குறாங்க, நெறைய பேரு, குறிப்பா பொண்ணுங்க, இப்ப இப்படித்தான் முடிவு பண்றாங்க. உங்க போன எடுக்காததுக்குக் காரணம் அந்த ரெண்டாவது விசிட், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் நடந்தத சொல்றேன். ஸ்டேஷன்ல இருந்து உங்க வாசலுக்கு ஒம்பது நிமிஷம். முதல் அஞ்சு நிமிஷம் ஜோர், பேக்கரி இருக்கு, மெடிக்கல் ஷாப் இருக்கு, ஜூஸ் கடைல நாலு பேரு, பூக்காரம்மா கூடைய கட்டிட்டு கெளம்புறாங்க, பயமே இல்ல. உங்க கிராஸ் தெருவுக்குள்ள திரும்பினதும் கதை மாறுது. ஃபுட்பாத்ல ஒரு ஸ்லாப் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது, அதத் தாண்டினா ட்ரான்ஸ்ஃபார்மர், அங்க ரோட்ல இறங்கணும், இறங்குற எடத்துல கார். அதுக்கப்புறம் தூங்குமூஞ்சி மரம். லைட் கம்பம் மரத்துக்கு உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது, பல்பு நல்லா எரியுது சார், வெளிச்சம் பூரா இலைக்கு, தரைக்கு ஒண்ணும் இல்ல. மரத்தடில இருந்து உங்க கேட் வரைக்கும் எண்ணிப் பாத்தேன், நூத்து நாப்பது அடி வைக்கணும், அந்த நூத்து நாப்பதுல ஒரு ஜன்னல் கூட தெருவப் பாத்து தெறந்து இல்ல, எல்லா வீட்லயும் ஆளுயர காம்பவுண்டு, உள்ள டிவி சத்தம், வெளிய நானும் மூணு நாயும். எனக்கு நாப்பத்தாறு வயசு, இந்த ஊரு அத்துப்படி, இருந்தாலும் போன எடுத்து காதுல வச்சு யார்கிட்டயோ பேசற மாதிரி நடந்தேன். எதிர் முனைல யாரும் கெடையாது. இந்த வித்தைய உங்க பொண்ணுகிட்ட கேளுங்க, அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்.

அந்த முக்குல தரைல ஒரு வட்டமா எண்ணெய்க் கறை இருக்கு, காம்பவுண்டு சுவத்துல ஒரு ஆணி, ஆணில அரை மொழம் ஒயர் இன்னும் தொங்குது. வண்டி நின்ன இடம் அதுதான்னு நெனக்கிறேன். திரும்பி வந்து பேக்கரி வாசல்ல டீ குடிக்கும்போது பக்கத்துல நின்ன ரெண்டு பசங்ககிட்ட பேச்சுக் குடுத்தேன், ஒருத்தன் சிவகாசி, ஒருத்தன் ஈரோடு, ரெண்டு பேரும் உங்க அடுத்த கிராஸ்லதான் இருக்காங்க. "அந்த இட்லி அம்மா இருந்தப்ப பதினோரு மணி வரைக்கும் முக்குல பத்து பேரு நிப்பாங்கக்கா, இப்ப ஒம்பது மணிக்கே சுடுகாடு மாதிரி ஆயிடுது, எங்க கூட வேல பாக்குற பொண்ணு ஒருத்தி இங்க வீடு பாத்தா, வேணாம்னுட்டா"ன்னான் சிவகாசிக்காரன்.

சார், நம்ம ஊர்ப் பக்கம் தெரு எப்படி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாருங்க, வீட்டுக்கு வீடு திண்ணை, திண்ணைல ஒரு கெழவி, வெத்தல இடிச்சிட்டே போறவங்க வர்றவங்கள ஒரு பார்வை. யாரும் யாரையும் காவல் காக்கல, ஆனா தெருவுக்கு எப்பவும் ஒரு கண்ணு இருந்துச்சு. சிட்டில திண்ணைய இடிச்சிட்டு காம்பவுண்டு கட்டிட்டோம், அந்த திண்ணைக் கெழவி வேலைய ராத்திரில செஞ்சது அந்த இட்லி அம்மாவும் அவங்க வண்டில தொங்கின பல்பும்தான். நீங்க சிசிடிவி மாட்டியிருக்கீங்க, பாத்தேன், ஆனா கேமரா நடந்தத அப்புறமா காட்டும், "என்னம்மா இன்னிக்கு லேட்டு"ன்னு கேக்காது.

அமைதி வேணும்னு நீங்க ஆசப்பட்டது எனக்குப் புரியுது. உங்க வயசுல, நாள் பூரா வீட்ல இருக்கறவங்களுக்கு, அமைதின்னா சத்தம் இல்லாம இருக்கறது. இருவத்து நாலு வயசுல புது ஊருக்கு வந்த ஒரு பொண்ணுக்கு அதே தெரு ராத்திரி பத்து மணிக்கு அமைதி இல்ல, அனாதை. வெளிச்சம், நாலு ஆளு, சூடா ஏதாவது திங்கக் கெடைக்கிற இடம், இது மூணும் அவளுக்கு சீலிங்க விடப் பெரிசு. இந்த ஊர்ல தர்ஷினி ஹோட்டல் எப்படி பரவுச்சுன்னு பாருங்க, 1983-ல ஜெயநகர்ல கஃபே தர்ஷினின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சேர் கெடையாது, நின்னுகிட்டே சாப்புடு, சல்லிசான விலை, அதப் பாத்து தெருவுக்குத் தெரு வந்துச்சு. தனியா போய் நின்னு சாப்புட்டா யாரும் ஒரு மாதிரி பாக்காத இடம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, சொந்தம் பந்தம் இல்லாத ஊர்ல அதுக்கு மதிப்பே தனி. நானே வந்த புதுசுல முக்கால்வாசி நாள் அப்படித்தான் வயித்தக் கழுவுனேன்.

இப்ப கேட் விஷயத்துக்கு வர்றேன். இதுல எனக்கு சொந்தக் கோவம் ஒண்ணு இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாப் போகும்.

2003-ல நான் இங்க வேலைக்கு வந்தப்ப ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்தேன், பேரெல்லாம் வேணாம். எட்டரைக்கு கேட் பூட்டிடுவாங்க. ஒரு நாள் செம மழை, பஸ்ஸு நகரல, நான் போய்ச் சேரும்போது ஒம்பதே கால். வார்டன் ஜன்னல் வழியா பாத்தாங்க, பாத்துட்டு கர்ட்டன இழுத்து விட்டுட்டாங்க. அந்தம்மா மொகம் இப்பவும் ஞாபகம் இருக்கு. நனைஞ்ச துப்பட்டாவோட அரை மணி நேரம் தட்டிட்டு, அப்புறம் பக்கத்துல கட்டடம் கட்டிட்டு இருந்த சைட்ல வாட்ச்மேன் பொண்டாட்டி, ராய்ச்சூர் பக்கத்துக்காரங்க, எனக்கு கன்னடம் வராது அவங்களுக்கு தமிழ் வராது, கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய் தகர ஷெட்ல ஒக்கார வச்சு கட்டன் டீ போட்டுக் குடுத்தாங்க. விடிய விடிய அங்கதான் இருந்தேன். அடுத்த வாரமே ஹாஸ்டல காலி பண்ணிட்டு காக்ஸ் டவுன்ல ஒரு பாட்டி வீட்டு மாடில போய்ச் சேந்தேன். பழைய வீடு, மழைக்கு ஒழுகும், பாத்ரூம் கதவு சரியா சாத்தாது. ஆனா முதல் நாளே பாட்டி கேட் சாவி ஒண்ணு கையில குடுத்து, "எப்ப வந்தாலும் நீயே தெறந்துக்க, எங்கள எழுப்பாத, வரலைன்னா மட்டும் ஒரு போன் பண்ணிடு"ன்னாங்க. ஆறு வருஷம் இருந்தேன் சார் அந்த ஒழுகுற வீட்ல, கல்யாணம் ஆகிதான் காலி பண்ணேன். எத்தன புரோக்கர் எத்தன புது ஃபிளாட் காட்டினாங்க, போகத் தோணல.

உங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். 2011 அக்டோபர்ல இந்த ஊரோட முதல் மெட்ரோ பையப்பனஹள்ளில இருந்து எம்ஜி ரோடு வரைக்கும் ஓட ஆரம்பிச்சப்பவே அல்சூர் ஸ்டேஷன் அதுல இருந்துச்சு. கடைசி ட்ரெயின் பதினோரு மணி வாக்குல. அரசாங்கம் கோடி கோடியாக் கொட்டி பதினோரு மணி வரைக்கும் உங்க ஏரியாவுக்கு ஆள கொண்டு வந்து இறக்குது, நீங்க பத்து மணிக்கு பூட்டப் போட்டுட்டு ஏன் யாரும் வரலன்னு கேக்குறீங்க. அமெரிக்கா டைமுக்கு வேல பாக்குறவங்க, ஷிஃப்ட்ல இருக்குற நர்ஸுங்க, இவங்கெல்லாம் பத்து மணிக்கு மீட்டிங்லயோ வார்டுலயோதான் இருப்பாங்க. கேட்டப் பூட்டுங்க, பூட்ட வேணாம்னு சொல்லல, ஆளுக்கொரு சாவி குடுத்துட்டு நீங்க நிம்மதியாத் தூங்குங்க.

கேட்டு கூட இன்னொண்ணு, அந்த மாடிப்படி. வெளிய இருந்து பாத்தேன், படி உங்க ஹால் ஜன்னலுக்கு நேரா ஏறுது, கீழ ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டிருக்கீங்க. அதுல யாரு ஒக்காருவீங்கன்னு எனக்குத் தெரியாது, காத்துக்காகத்தான் ஒக்காருவீங்க, சந்தேகமே இல்ல. ஆனா மேல போறவங்களுக்கு அது ஸ்கூல்ல அட்டென்டன்ஸ் எடுக்குற மாதிரி. ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு பிரியாணி வாங்கிட்டு வந்தா, உங்களத் தாண்டி, பைல என்னன்னு நீங்க கேக்காட்டியும் கேட்ட மாதிரி இருக்கும், அப்படித்தான் ஏறணும். சேர எடுத்து அந்தப் பக்கம் வேப்பமரத்துக்கு கீழ போடுங்க, காத்து அங்கயும் வரும். முடிஞ்சா படிக்கு தனியா ஒரு சின்ன கேட் வச்சு ரோட்டுக்கு தெறக்குற மாதிரி பண்ணுங்க, ஒரு வெல்டரும் ஒரு மேஸ்திரியும் ரெண்டு நாள் வேலை. இத முதல்ல பண்ணிட்டு சீலிங்குக்குப் போயிருந்தா நான் இத்தன எழுத வேண்டியதில்ல.

கண்டிஷன் போடவே கூடாதுன்னு நான் சொல்லல. ராத்திரி பதினொண்ணுக்கு மேல சத்தமா பாட்டு வேணாம், குப்பைய பிரிச்சுப் போடணும், மோட்டார் போட்டா ஆஃப் பண்ணணும், இதெல்லாம் கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, நல்ல பசங்க மறுக்கவும் மாட்டாங்க. யாரு வந்தா, யாரு போனா, என்ன சமைச்சீங்க, இதுதான் அவங்களுக்கு ஒத்துக்காது. அப்புறம் உங்க டூ-லெட் போர்டுல செவப்பு பெயின்ட்ல "ஃபேமிலி ஒன்லி"ன்னு இருக்கு சார்! வாசல்ல வராதீங்கன்னு எழுதி வச்சிட்டு, புரோக்கர் கூட்டிட்டு வர்ற பசங்க ஏன் திரும்பலன்னு என்கிட்ட கேக்குறீங்க.

அட்வான்ஸ். இங்க ஒரு வேடிக்கை கவனிச்சீங்களான்னு தெரியல, 28,000-த்த பத்தால பெருக்குங்க, 2 லட்சத்து 80 ஆயிரம். நீங்க சீலிங்குக்கும் கிச்சனுக்கும் போட்ட அதே தொகை. காலியாக் கெடந்த அஞ்சு மாசத்துல போனது 1 லட்சத்து 40 ஆயிரம், அது தனி. வேலைக்குச் சேந்து ஒரு வருஷம் ஆன பையன்கிட்ட 2 லட்சத்து 80 ஆயிரம் எங்க இருக்கும்? ரெண்டு பேரு சேந்தாலும் ஆளுக்கு ஒண்ணு நாப்பது, அதோட புரோக்கருக்கு ஒரு மாசம், கட்டில், கேஸ், ஃப்ரிட்ஜு. ஊர்ல அப்பாகிட்ட கேக்கணும், அவரு வட்டிக்கு வாங்கணும். பிஜில ஒரு மாசமோ ரெண்டு மாசமோ அட்வான்ஸக் குடுத்துட்டு பெட்டியத் தூக்கிட்டுப் போய் படுத்துடலாம், புடிக்கலன்னா அடுத்த மாசம் வேற இடம்.

இந்த "புடிக்கலன்னா" இருக்கே, அதுதான் இந்த வயசோட முக்கியமான தேவைன்னு நான் நெனக்கிறேன். எந்த கம்பெனில நிலைப்போம், யாரு கூட ஒத்துப்போகும், இந்த ஊரே நமக்கு ஆகுமான்னு எதுவும் தெரியாத நேரம் அது. தப்பா முடிவெடுத்தாலும் பெருசா அடிபடாம வேற பக்கம் திரும்ப வழி இருக்குற இடத்துக்குத்தான் அவங்க போவாங்க. உங்க பத்து மாச அட்வான்ஸ் அந்த வழிய அடைக்குது, போதாததுக்கு காலி பண்ணும்போது பெயின்டிங் சார்ஜுன்னு ஒரு மாசத்த பிடிப்பீங்கன்னும் அவங்களுக்கு தெரியும், இந்த ஊரு வழக்கம் அது. 2021-ல மத்திய அமைச்சரவை ஒத்துக்கிட்ட 'மாடல் டெனன்சி ஆக்ட்'ங்கற மாதிரி வாடகைச் சட்டத்துல குடியிருக்குற வீட்டுக்கு ரெண்டு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கூடாதுன்னு இருக்கு. அது மாதிரிச் சட்டம்தான், மாநிலம் தனியா சட்டம் போட்டாத்தான் செல்லும், அதனால உங்கள யாரும் கேக்க முடியாது, ஆனா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுதுல்ல. மூணு மாசம் வாங்குங்க. சாமான ஒடச்சிட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்தா, குடி வர்ற அன்னிக்கு ரெண்டு தரப்பும் நின்னு வீட்ட வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, ஃபேன் எத்தன, குழாய் எத்தனன்னு அக்ரிமென்ட்லயே எழுதுங்க, போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணுங்க, ரெண்டு மாச நோட்டீஸ் வைங்க. அக்ரிமென்ட்ட ஒழுங்கா ஸ்டாம்ப் பேப்பர்ல போட்டு ஒரு காப்பி அவங்களுக்கும் குடுத்துடுங்க, அட்ரஸ் ப்ரூஃபுக்கு, ஆபீஸ்ல வரிக் கணக்குக்கு எல்லாம் அலைய விடாதீங்க.

கரண்ட் மீட்டர் மாடிக்கு தனியா இருக்கா? இருந்தா போர்டுலயே எழுதுங்க. க்ருஹ ஜோதின்னு கர்நாடக அரசோட இலவச கரண்ட் திட்டத்துல 200 யூனிட்டுக்குள்ள வர்ற வீட்டுக்கு, முன்னாடி ஆன சராசரி அளவ ஒட்டி இருந்தா பில் கெடையாது, வாடகைக்கு இருக்கறவங்களும் தகுதிதான், ஆனா மேலயும் கீழயும் ஒரே மீட்டர்னா அந்த லாபம் போச்சு. இன்டர்நெட் லைனுக்கு ஓட்ட போட விடுங்க, யூபிஎஸ் ஒண்ணு இருந்தா நல்லது.

பெல்லந்தூர ஏன் புடிக்குதுன்னு கேட்டீங்க. புடிச்சுப் போகல சார், ஆபீஸ் அங்க இருக்கு. அவுட்டர் ரிங் ரோட்ல டெக் பார்க் வரிசையா நிக்குது, அந்த ட்ராஃபிக்ல தினம் ஒன்றரை மணி நேரம் போறதுக்கு பதிலா ரூம்ல மூணு பேரா படுத்துட்டு நடந்தே போயிடலாம்னு கணக்கு போடுறாங்க, அந்தக் கணக்கு சரியான கணக்கு. அதுக்காக அந்த பிஜி எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல. 2024-ல மாநகராட்சி பிஜிக்கு விதி போட்டுச்சு, ஆளுக்கு 70 சதுர அடி இடம், நாளைக்கு 135 லிட்டர் தண்ணி வேணும்னு. பத்துக்கு பன்னெண்டு ரூம்ல மூணு கட்டில் போட்டா ஆளுக்கு 40 அடிதான், நீங்களே பாத்துக்கோங்க. அதே 2024 கோடைல போர்வெல் எல்லாம் காஞ்சு டேங்கருக்கு அடிதடியா இருந்துச்சே, நகரத்தோட சேத்த 110 கிராமத்துக்கு காவேரி அஞ்சாம் கட்டத் தண்ணி தொறந்து விட்டது அந்த வருஷம் அக்டோபர்லதான். உங்க பக்கம் காவேரி லைன் பழசு, சம்ப் நெறையுது. இத ஒரு வார்த்த விளம்பரத்துல போட்டிருக்கீங்களா? இத்தாலியன் ஃபினிஷ் கிச்சன்னு போட்டிருக்கீங்க.

அதனால பெல்லந்தூர்காரங்களுக்காக ஏங்காதீங்க, அவங்க உங்களுக்கு இல்ல. உங்க ஆளுங்க மெட்ரோ பர்ப்பிள் லைன்ல இருக்காங்க. 2023 அக்டோபர்ல இருந்து ஒயிட்ஃபீல்டு முதல் சல்லகட்டா வரைக்கும் ஒரே லைன் முழுசா ஓடுது, அல்சூர்ல ஏறுனா எம்ஜி ரோடு ரெண்டாவது ஸ்டாப், எதிர்ப் பக்கம் இந்திரா நகர் அடுத்த ஸ்டாப், ஒயிட்ஃபீல்டுக்கு வண்டி மாற வேணாம். 2025 ஆகஸ்ட்ல எல்லோ லைன் வந்ததுல எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கூட மெட்ரோலயே போயிடலாம், என்ன, மெஜஸ்டிக்ல ஒண்ணு ஆர்.வி. ரோட்ல ஒண்ணுன்னு ரெண்டு தடவ மாறணும், தினம் போறவங்களுக்கு அலுத்துப் போகும். டிக்கெட்டும் சும்மா இல்ல, 2025 பிப்ரவரில அதிகபட்சம் 60 இருந்தத 90 ஆக்கிட்டாங்க. இருந்தாலும் சொந்த வண்டி இல்லாம வாழலாம்ங்கறது சின்ன விஷயமா? மாச இஎம்ஐ மிச்சம், பார்க்கிங் சண்டை மிச்சம். பொண்ணுங்களுக்கு பிஎம்டிசி சாதா சிட்டி பஸ்ல ஃப்ரீன்னு ஒரு நெனப்பு இருக்கும், சக்தி திட்டம் கர்நாடக அட்ரஸ் கார்டு காட்டுறவங்களுக்குத்தான், தமிழ்நாட்டு ஆதார வச்சிருக்குற நம்ம புள்ளைங்க டிக்கெட் எடுக்கணும், கண்டக்டர்கிட்ட வாதம் பண்ணி பிரயோஜனமில்ல.

அப்புறம் உங்க ஏரியாவுல தானா இருக்குறது கொஞ்சமா நஞ்சமா. ஏரி நடந்து போற தூரம், ஏரிக் கரைல வள்ளுவர் நிக்கிறாரு, 1991-ல இருந்து சாக்குத் துணிய சுத்திக்கிட்டு நின்னு 2009-ல தெறந்த செல, அந்தக் கதைய புதுசா வர்ற பசங்களுக்கு சொல்லிப் பாருங்க, வாயப் பொளந்து கேப்பாங்க. தமிழ்ச் சங்கம் பக்கத்துல, அங்க லைப்ரரி இருக்கு. சோமேஸ்வரர் கோயில், சித்திரைல பூப்பல்லக்கு, ஆடில கூழு, மார்க்கெட்ல சின்ன வெங்காயமும் முருங்கக்கீரையும் தமிழ்லயே பேரம் பேசி வாங்கலாம், விருதுநகர்ல இருந்து வந்த புள்ளைக்கு முதல் ஆறு மாசம் இது எவ்வளவு தெம்புன்னு எனக்குத் தெரியும். கன்னடம் கத்துக்கணும், அது வேற, கண்டிப்பா கத்துக்கணும், வாட்ச்மேன் பொண்டாட்டிக்கு நான் நன்றி சொல்லவே ஒரு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கெழம கப்பன் பார்க்ல வண்டி விட மாட்டாங்க, சனிக்கிழமை காலைல புக்க எடுத்துட்டு வந்து புல்லுல படுத்து சத்தமில்லாம படிக்கிற கூட்டம் ஒண்ணு 2023-ல இருந்து நடக்குது, கப்பன் ரீட்ஸ்னு, காசு கெடையாது, யாரும் யாரையும் தெரிஞ்சிருக்க வேணாம். சர்ச் ஸ்ட்ரீட்ட 2018-ல கல்லு பதிச்சு நடக்குறவங்களுக்கு வசதியா மாத்துனாங்க, பழைய புத்தகக் கடையில ஒரு மணி நேரம், வெளிய வந்து ஒரு காபி, பொழுது போயிடும். இதெல்லாம் உங்க வீட்டுக்கு ரெண்டு மூணு ஸ்டாப்புக்குள்ள.

ஆனா ஒரு எச்சரிக்க, இளவட்டம் வேணும்னு ஏரியாவுக்குள்ள பப்பு கொண்டு வரணும்னு அர்த்தமில்ல. இந்திரா நகர் 12-வது மெயின் பக்கம் குடியிருக்கறவங்க எத்தன வருஷமா சத்தத்துக்கும் பார்க்கிங்குக்கும் போராடிட்டு இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். அங்க இடத்துக்கு உயிர் குடுத்த பசங்களாலயே இப்ப அங்க வாடகை குடுக்க முடியல. உங்களுக்கு வேண்டியது அந்த அளவு ஆட்டம் இல்ல, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஒரு பல்பும் நாலு பேரும்.

அதனால உங்க அசோசியேஷன்ல அடுத்த கூட்டத்துல இத எழுப்புங்க. ஸ்ட்ரீட் லைட்டுக்கு கரண்ட் ஆபீஸ் பெஸ்காம்ல போய் நிக்காதீங்க, அது மாநகராட்சி எலக்ட்ரிக்கல் ஆளுங்க வேலை, மரத்துக்கு கீழ வர்ற மாதிரி தாழ்வா ஒரு லைட் கேளுங்க, மரத்த வெட்டச் சொல்லிடாதீங்க, கெளைய மட்டும் கழிச்சா போதும், அதுக்கும் அவங்க வனப்பிரிவுதான் வரணும். அந்த ஸ்லாப்ப வார்டு எஞ்சினியர்கிட்ட போட்டோவோட குடுங்க. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வழிகாட்டுதல்ல நடைபாதை கொறஞ்சது 1.8 மீட்டர் தடையில்லாம இருக்கணும்னு இருக்கு, உங்க கிராஸ்ல அது கெடைக்காது, ரோடே சின்னது, ஆனா ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல அந்த காரு நிக்காம பாத்துக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. யாரு காருன்னு எனக்குத் தெரியாது. உங்க காம்பவுண்டுக்கு நேரா நின்னுச்சு, அவ்வளவு சொல்றேன்.

தள்ளுவண்டிய திரும்பக் கொண்டு வர முடியுமான்னு நீங்க கேக்கல, நான் சொல்றேன், முடியும். 2014-ல வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்துல டவுன் வென்டிங் கமிட்டின்னு ஒண்ணு இருக்கு, எங்க கடை போடலாம்னு இடம் ஒதுக்குறது அவங்க மூலமாத்தான், அடையாள அட்டை குடுக்கணும், நோட்டீஸ் குடுக்காம வண்டியத் தூக்கக் கூடாது. உங்க அசோசியேஷன் எழுதிக் குடுத்ததும் வண்டி போனது எப்படின்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் போறதில்ல. எடுக்கச் சொல்லி எழுதுன அதே லெட்டர்ஹெட்ல, முக்குல இந்தப் பக்கமா ஒதுங்கி நிக்கட்டும், ராத்திரி பதினொண்ணுக்கு எடுத்துடணும், குப்பைத் தொட்டி வைக்கணும், எங்களுக்கு ஆட்சேபண இல்லன்னு ஒண்ணு எழுதலாம்ல.

அந்த இட்லி அம்மா இப்ப மெட்ரோவுக்கு அந்தப் பக்கம் எங்கயோ கடை போட்டிருக்காங்கன்னு ஈரோட்டுப் பையன் சொன்னான், சரியான இடம் அவனுக்கும் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க சார், வெங்காயச் சட்னி அவங்க கையில அவ்வளவு நல்லா இருக்குமாம்.